800 பேரா, 32 ஊரா? பிரஷர் ஆய்வில் ஒரு சிக்கல்

#1 வேளிமலைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். பொது சுகாதார முதுகலை, கடைசி செமஸ்டர். ஊர் தக்கலைப் பக்கம். ஆய்வுத் தலைப்பு, 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உயர் ரத்த அழுத்தம். குமரி மாவட்டத்தில் கடலோரம் 16 ஊர், மலையோர ரப்பர் பகுதியில் 16 ஊர், ஊருக்கு 25 பேர். ஆக 800 பேர். நானும் என் தோழியும் நாலு மாதம் அலைந்து எடுத்த தரவு.

வயது, பாலினம், எடை, படிப்பு, புகை, மது எல்லாவற்றையும் போட்டு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (நோய் உண்டா இல்லையா என்பதோடு ஒவ்வொரு காரணியையும் பொருத்திப் பார்க்கும் கணக்கு) ஓட்டினேன். ‘கடலோரம்’ என்ற மாறிக்கு மூன்று நட்சத்திரம் விழுந்தது, அதாவது ‘இது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு’ என்று மென்பொருள் போடும் குறி. சந்தோஷத்தில் தோழிக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பிறகு வெளி மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: “உங்களிடம் இருப்பது 800 தனித்தனி மனிதர்கள் இல்லை.” கைடிடம் போனால், “ஊரை ரேண்டம் எஃபெக்டாகப் போட்டுவிடு, சரியாகிவிடும்” என்றார். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தனிக்குணம் உண்டு என்று மாடலுக்குச் சொல்வதுதான் அது.

போட்டேன். வயதுக்கும் எடைக்கும் நட்சத்திரம் அப்படியே நிற்கிறது. கடலோரத்துக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. இதில் இன்னொரு விநோதம், அதன் ஆட்ஸ் ரேஷியோ (நோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள விகிதம் மலையோரத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆக, எது உண்மை? நாலு மாத வெயிலை யார் திருடினார்கள்?

(இன்னும் சமர்ப்பிக்கவில்லை, அதனால் எண்களை இங்கே போட முடியாது. மன்னிக்கவும்.)

#2 பழைய_வாத்தியார்

யாரும் திருடவில்லை அம்மா. உன்னிடம் இல்லாத பணத்தை முதல் மாடல் உன் கணக்கில் காட்டியது, இரண்டாவது மாடல் திருத்தியது. அவ்வளவுதான்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று ஏன் சொல்கிறோம்? ஒரே பானையில் ஒரே தீயில் வெந்த அரிசி, ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும் என்பதால். அப்படியானால் அதே பானையிலிருந்து 25 பருக்கை எடுத்து நசுக்கினால் உனக்கு 25 மடங்கு புது விஷயம் கிடைக்குமா? கிடைக்காது. ‘விறகடுப்பில் வைத்த பானை, கேஸ் அடுப்பில் வைத்த பானை, எது குழைகிறது’ என்று கேட்டால் உன் கையில் இருப்பது 800 பருக்கை கிடையாது, 32 பானை.

ஊர்க்காரர்கள் அந்த அளவுக்கு ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்களா என்றால் இல்லை, மனிதர்கள் பருக்கை இல்லை. எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண்தான் ஐசிசி. பூஜ்யம் என்றால் ஊர் என்பதே வெறும் பெயர், உன் 800-ம் 800-தான். ஒன்று என்றால் ஓர் ஊரில் எல்லாரும் அச்சு அசல் ஒன்று, 800 வெறும் 32 ஆகிவிடும். நடுவில் எங்கே என்பதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது: ஊருக்கு எத்தனை பேரோ அதில் ஒன்றைக் கழி, ஐசிசியால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. ஒரு பேச்சுக்கு ஐசிசி 0.08 என்று வை. 24 × 0.08 + 1 = 2.92. உன் 800-ஐ 2.92-ஆல் வகுத்தால் 274. கடலோரமா மலையோரமா என்ற கேள்விக்கு உன்னிடம் இருப்பது ஏறக்குறைய 274 பேருக்கு உரிய தகவல்தான்.

வயதுக்கு ஏன் நட்சத்திரம் போகவில்லை? ஒரே ஊருக்குள்ளேயே 30 வயதும் 70 வயதும் இருக்கிறது. அதை ஊருக்குள்ளேயே ஒப்பிட முடியும். கடலோரம் என்பது ஊருக்குள் மாறாது, ஊருக்கு ஊர்தான் மாறும்.

உனக்கு ஆறுதலாக ஒரு பழைய கதை. 1976-ல் இங்கிலாந்தில் பென்னட் என்பவர் தொடக்கப் பள்ளிகளில் எந்தக் கற்பிக்கும் முறை நல்லது என்று ஆராய்ந்து, பழைய கண்டிப்பான முறைதான் மேல் என்று எழுதினார். பெரிய சத்தம் எழுந்தது. 1981-ல் எய்ட்கினும் அவரோடு இருவரும் அதே தரவை எடுத்து, பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்து மறுபடி போட்டார்கள். அந்த வித்தியாசங்களின் நட்சத்திரம் உதிர்ந்துவிட்டது. உனக்கு ஒரு பிரியாணியோடு போனது.

#3 ஸ்டேட்டா_சித்தர்

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் இதற்கு மல்டிலெவல் (ஆள், ஊர் என்று நிலை நிலையாகப் பார்க்கும் ரேண்டம் எஃபெக்ட் மாடல்) எதற்கு? ஜிஇஇ (GEE) என்ற முறையைப் போடுங்கள். லியாங், ஜெகர் இருவரும் 1986-ல் தந்தது. ஊருக்குள் ஒட்டுறவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு திட்டப்பிழையை (மதிப்பு எவ்வளவு தவறலாம் என்ற அளவை) சரிசெய்துவிடும், வேலை முடிந்தது. ரேண்டம் எஃபெக்ட் நார்மலாகப் பரவியிருக்கிறது என்றெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஊகம் எதுவும் வேண்டாம்.

ஆட்ஸ் ரேஷியோ கூடியதில் விநோதம் ஒன்றும் இல்லை. சாதா லாஜிஸ்டிக்கும் ஜிஇஇயும் சொல்வது மொத்த மக்களுக்கான சராசரி. ரேண்டம் எஃபெக்ட் மாடல் சொல்வது, ஊரின் தனிக்குணத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு எவ்வளவு மாறும் என்பது. லாஜிஸ்டிக்கில் இரண்டாவது எப்போதும் ஒன்றிலிருந்து இன்னும் தள்ளித்தான் நிற்கும். ஊர்களுக்கு இடையே மாறுபாடு கூடக்கூட இடைவெளி கூடும். இரண்டும் தப்பில்லை, இரண்டும் வேறு கேள்விக்குப் பதில். ஆய்வேட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘கூடிவிட்டது, குறைந்துவிட்டது’ என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

#4 பழைய_வாத்தியார்

சித்தரே, 32 கொத்துதான், அதாவது 32 ஊர்தான் இருக்கிறது. 40-க்குக் கீழே போனால் உங்கள் ஜிஇஇ திட்டப்பிழையைக் குறைத்துக் காட்டும், திருத்தம் போட வேண்டும். அது சின்ன விஷயம், விடுங்கள்.

எனக்குச் சண்டை வேறு இடத்தில். நீங்கள் ஊரை ஒரு தொந்தரவாகப் பார்க்கிறீர்கள், துடைத்துப் போட வேண்டிய தூசி மாதிரி. இந்தப் பெண் பொது சுகாதாரம் படிக்கிறாள். அவளுக்கு ஊர்தானே விஷயம்!

ஜெஃப்ரி ரோஸ் 1985-ல் கேட்டது பிரஷரை வைத்துத்தான். ‘இந்த மனிதருக்கு ஏன் பிரஷர்’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தக் கூட்டத்துக்கே ஏன் பிரஷர் தூக்கலாக இருக்கிறது’ என்பது வேறு கேள்வி. கென்ய நாடோடிகளின் பிரஷர் வரைபடத்தையும் லண்டன் அரசு ஊழியர்களின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தார். லண்டனின் மொத்த வளைவும் வலப்பக்கம் நகர்ந்து கிடந்தது. லண்டனுக்குள்ளேயே உட்கார்ந்து யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்று ஆயுசு முழுக்கத் தேடினாலும், வளைவு ஏன் நகர்ந்தது என்பது அகப்படாது. எல்லாரும் மூழ்கியிருக்கும் தண்ணீரைப் பற்றி மீனிடம் கேட்கிற மாதிரி.

அதனால் அம்மா, ஊர் மட்டத்து வேரியன்ஸ் (ஊருக்கு ஊர் உள்ள மாறுபாடு) எவ்வளவு என்பதை எழுது. இப்படி வைத்துக்கொள், மென்பொருள் 0.42 என்று தந்தது. லாஜிஸ்டிக்கில் ஆள் மட்டத்து வேரியன்ஸ் பை வர்க்கத்தை மூன்றால் வகுத்தது, அதாவது 3.29 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 0.42-ஐ 3.71-ஆல் வகுத்தால் 0.11. ‘மாறுபாட்டில் 11 விழுக்காடு ஊரால்’ என்று எழுதுவார்கள். படிக்கிறவருக்கு அது ஒன்றும் விளங்காது. 11 தானே என்று தள்ளிவிட்டுப் போவார். சுவீடனில் மெர்லோ என்பவரும் கூட இருந்தவர்களும் பரப்பிய மீடியன் ஆட்ஸ் ரேஷியோ இதற்கு நல்லது. வேரியன்ஸின் வர்க்கமூலத்தை 0.954-ஆல் பெருக்கி, அதை e என்ற எண்ணுக்கு (2.718) அடுக்காக ஏற்று. 0.42-க்கு 1.86 வரும். ஒரே வயது, ஒரே எடை, ஒரே படிப்பு உள்ள இரண்டு பேரைக் குருட்டாம்போக்கில் இரண்டு ஊரிலிருந்து எடுத்தால், பிரஷர் கூடுதலான ஊர்க்காரருக்கு ஆட்ஸ் நடுமட்டமாக 1.86 மடங்கு. இது உறைக்கும். புகைக்கும் மதுவுக்கும் வந்த ஆட்ஸ் ரேஷியோவின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம்.

#5 கடப்புறத்தான்

ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் எங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் நானும் பேசலாம் என்று நினைக்கிறேன். தூத்தூர் பக்கத்துக்காரன். அப்பா கட்டுமரம், அண்ணன் விசைப்படகு, நான் வங்கி.

வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது பிரஷர் மெஷினோடு கடப்புறம் வருவார்கள். கடைசியில் ‘கருவாடு, உப்பு’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். தங்கச்சியும் அதைத்தான் எழுதப் போகிறாயா?

நீ அளந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்? எங்கள் பக்கத்து ஆண்கள் தங்கல் (கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போனால் வாரக் கணக்கில் வரமாட்டார்கள். கரையில் இருப்பது வயசானவர்கள், உடம்புக்கு முடியாமல் கடலுக்குப் போவதை நிறுத்தியவர்கள், அப்புறம் பெண்கள். முடியாதவனைத்தான் நீ அளந்திருப்பாய். ரப்பர் பக்கம் பால் வெட்டுகிறவர் விடியும் முன்னே போய்ப் பத்து பதினொன்றுக்கெல்லாம் வீட்டில் இருப்பார்.

இரண்டாவது, கடலோரம் என்றால் என்ன? உப்புக் காற்றா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. ஒரே கரையில் ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு சாவு, அடுத்த ஊரில் அந்த அளவு இல்லை. இதெல்லாம் உன் கம்ப்யூட்டரில் ‘கடலோரம் = 1’. அந்த ஊரை அப்படியே தூக்கி மலையோரக் குலசேகரத்தில் வைத்தால் பிரஷர் இறங்குமா? அதைச் சொல் முதலில்.

#6 பழைய_வாத்தியார்

கணக்கு பாதிதான் புரிகிறது என்றீர்கள். நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விதான் இந்தத் துறையின் உயிர்க் கேள்வி. பிரஷர் அந்த ஊரில் இருக்கிற ஆட்களாலா, ஆட்கள் இருக்கிற அந்த ஊராலா? ஆட்களை மாற்றி வைத்தால் மாறுமா என்று கற்பனை செய்துதான் இரண்டையும் பிரிக்கிறோம். இதில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய.

1950-ல் ராபின்சன் ஒரு கட்டுரை எழுதினார். 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடுதலாக உள்ள மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு. ஒட்டுறவு மைனஸ் 0.526. ஆள் ஆளாகப் பார்த்தால் தலைகீழ், பிளஸ் 0.118. காரணம் எளிது, வந்தவர்கள் படித்தவர்கள் கூடுதலாக இருந்த மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள். நம்மூரிலும் இதே வித்தையைக் காட்டலாம். 2011 கணக்குப்படி குமரியின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். மாவட்டம் மாவட்டமாக எழுத்தறிவையும் ஏதாவது ஒரு நோயையும் வரைந்து, கோடு மேலே ஏறினால், ‘படித்தால் நோய் வரும்’ என்று ஒருவர் கட்டுரை எழுதிவிடுவார். எழுதியும் இருப்பார்.

ராபின்சனுக்குப் பிறகு எல்லாரும் பயந்து, ஊரையே மறந்துவிட்டு ஆளை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். அது அடுத்த தப்பு. மல்டிலெவல் வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

#7 வேளிமலைக்காரி

கடப்புறத்தான் அண்ணனுக்கு: கருவாடு பற்றி முன்னுரையில் ஒரு பத்தி எழுதித்தான் வைத்திருந்தேன். நேற்று ராத்திரி எடுத்துவிட்டேன். ஆண்கள் வீட்டில் இல்லாதது உண்மை. கடலோரப் பட்டியலில் பெண்கள்தான் கூடுதல். ‘பாலினத்தை மாடலில் சேர்த்திருக்கிறேனே’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிகிறது. அங்கே கிடைத்த ஆண்களே வேறு மாதிரி ஆண்கள் என்றால், சேர்த்தும் பிரயோசனம் இல்லை.

சார், ஒன்று கேட்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேரை எடுத்த இடங்களும் உண்டு. வீட்டையும் ஒரு நிலையாக வைக்கலாமா? தாலுகாவையும் மேலே வைத்தால் நான்கு நிலை ஆகுமே, ஆய்வேட்டில் பார்க்க நன்றாக இருக்கும்.

#8 ஸ்டேட்டா_சித்தர்

பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக யாரும் நான்காவது மாடி கட்டுவதில்லை :)

தாலுகா ஆறு. ஆறு எண்ணை வைத்து வேரியன்ஸ் கணக்கிட்டால் அது வேரியன்ஸ் இல்லை, ஜோசியம். மாஸ், ஹாக்ஸ் இருவரும் 2005-ல் சோதித்துப் பார்த்ததில், 50 கொத்துக்குக் கீழேயே மேல்நிலை வேரியன்ஸின் திட்டப்பிழை கோணலாகிறது. உங்கள் 32-ஐயே கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். தாலுகா வேண்டுமானால் சாதாரண மாறியாகப் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒருவர்தான் என்றால் வீட்டு நிலையும் வேண்டாம், பிரிக்கத் தரவு போதாது, ‘சிங்குலர்’ (பிரிக்க முடியவில்லை) என்று ஆர் (R) மென்பொருள் கத்தும்.

#9 சப்சென்டர்_அக்கா

கிராம சுகாதார செவிலியராக மலையோரத்தில் பத்தொன்பது வருஷம். அதற்கு முன் கொஞ்ச காலம் கடற்கரையில். வாத்தியார் சாரின் பானைக் கதை பிடித்திருந்தது. ஆனால் பானை எது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே.

மக்களே, நீ ‘ஊர்’ என்று எதை எடுத்தாய்? தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஊர் என்றால் ஊர். வயலுக்கு நடுவில் தெரு தெருவாக வீடு, ஒரு குளம், ஒரு கோயில். கடற்கரையில் ஊர் என்றால் பங்கு, ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த மக்கள். கோயில் மணி அடித்தால் கேட்கிற தூரம். அதற்குள் அன்பியம் அன்பியமாக (பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழுக்களாக) பிரிந்திருக்கும், ஓர் அன்பியத்தில் இன்னார் வீட்டில் என்ன குழம்பு என்று அடுத்த வீட்டுக்குத் தெரியும். எங்கள் விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் அப்படியா? அவரவர் விளையில் (தோட்டத்தில்) அவரவர் வீடு. அடுத்த வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிஷம். நீ பட்டியலில் எடுத்த ‘ஊர்’ வருவாய்த்துறை போட்ட பெயராக இருக்கும். அங்கே இருப்பவரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார், ரேஷன் கடை வேறு, சந்தை வேறு. அங்கே உன் 25 பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஒரு பின்கோடு.

அதனால்தான் சொல்கிறேன், கடலோரத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் கூடுதலாகவும் மலையோரத்தில் குறைவாகவும் வந்தால் ஆச்சரியப்படாதே. கடலோரத்தில் நீ நிஜப் பானையை எடுத்தாய். எங்கள் பக்கம் நாலு பானையிலிருந்து அள்ளி ஒரு தட்டில் போட்டாய்.

இன்னொன்று. பிரஷர் உண்டு என்று யாரை எழுதினாய்? 140/90-க்கு மேல் உள்ளவரை மட்டுமா, மாத்திரை சாப்பிடுகிறவரையும் சேர்த்தா? 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, வீட்டுக்கே மாத்திரை கொண்டு போய்க் கொடுக்கிறோம். ஓடியாடி வேலை செய்கிற சுகாதாரப் பணியாளர் உள்ள ஊரில் கண்டுபிடித்த நோயாளி கூடுதலாக இருப்பார்கள், அவர்களுடைய பிரஷர் கட்டுக்குள்ளும் இருக்கும். ‘டாக்டர் சொன்னாரா’ என்று மட்டும் கேட்டிருந்தால் நீ அளந்தது ஊரின் நோயை இல்லை, எங்கள் செருப்புத் தேய்மானத்தை.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. நீயும் தோழியும் போனீர்கள் என்றாயே. யார் எந்தப் பக்கம்?

#10 பழைய_வாத்தியார்

செவிலியர் அம்மாவின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதில் சொல் அம்மா.

(கடலோரத்துக்கும் மலையோரத்துக்கும் தனித்தனி வேரியன்ஸ் விடலாம், மாடல் அதை அனுமதிக்கும். அதை அப்புறம் பேசுவோம்.)

#11 வேளிமலைக்காரி

அளந்ததையும் மாத்திரையையும் சேர்த்துத்தான் எழுதினேன் அக்கா, அது தப்பித்தது.

மற்றது தப்பவில்லை. தோழிக்கு வீடு கடற்கரையில். அவளுக்கு எல்லாரையும் தெரியும், எனக்கு மலைப்பக்கம் மாமா வீடு. அதனால் 16 கடலோர ஊரும் அவள், 16 மலையோர ஊரும் நான். மெஷினும் இரண்டு. ஒன்று துறையில் கொடுத்தது, இன்னொன்று நாங்கள் வாங்கியது. அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. ஐந்து நிமிஷம் உட்கார வைத்து மூன்று தடவை அளந்து முதலாவதை விட்டுவிட வேண்டும் என்று இருவரும் ஒரே தாளை வைத்திருந்தோம். ஆனால் அவள் வராந்தாவில் கூட்டத்துக்கு நடுவில் அளந்தாள். நான் வீட்டுக்குள் தனியாக.

நேற்று இரண்டு மெஷினையும் அம்மா கையில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். ஒரே எண் வரவில்லை. இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

#12 ஸ்டேட்டா_சித்தர்

ஐயோ. ‘கடலோரம்’, ‘தோழி’, ‘மெஷின் 2’, ‘வராந்தா’ நான்கும் ஒரே நெடுவரிசை. ஜிஇஇ, மல்டிலெவல், எதைப் போட்டாலும் பிரியாது. நானும் வாத்தியாரும் சண்டை போட்டதே வீண்.

#13 பழைய_வாத்தியார்

பாலையும் தண்ணீரையும் பிரிக்க அன்னப்பறவை வேண்டும். மாடல் அன்னப்பறவை இல்லை.

ஆனாலும் மொத்தமும் போகவில்லை, அழாதே. உன் தோழி அளந்த 16 ஊர்களுக்கு இடையே உள்ள மாறுபாடு அவளால் வந்தது இல்லை, எல்லா ஊரிலும் அதே ஆள், அதே மெஷின். நீ அளந்த 16-க்குள்ளும் அப்படியே. கெட்டுப்போனது கடலுக்கும் மலைக்கும் இடையிலான ஒப்பீடு மட்டும். ஆய்வுக் கேள்வியை மாற்று: ‘கடலோர ஊர்கள் ஒன்றுக்கொன்று ஏன் வேறுபடுகின்றன?’ கடப்புறத்தான் ஆரம்பத்திலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். 16 கொத்து குறைவுதான், அதை மறைக்காமல் எழுது.

நேரம் கிடைத்தால் இன்னொன்றும் செய். இரண்டு பக்கமும் சில ஊர்களை எடுத்து, ஆளையும் மெஷினையும் மாற்றிப் போய் மறுபடி அள. நீ கடலுக்கு, அவள் மலைக்கு. ஊரும் அளப்பவரும் அப்போது குறுக்கும் நெடுக்குமாக விழும். ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்க முடியும்.

#14 புளியமரத்தடி

புதிதாக வந்தவன். இத்தனை பாடு எதற்கு? என்எஃப்எச்எஸ்-5 (தேசியக் குடும்ப நல ஆய்வு) தரவு பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கிறது, 15 வயதுக்கு மேல் எல்லாருக்கும் பிரஷர் மூன்று தடவை அளந்திருக்கிறார்கள், கொத்துக்கு 22 வீடு. அதில் குமரியை மட்டும் எடுத்து மல்டிலெவல் போடலாமே?

#15 ஸ்டேட்டா_சித்தர்

போடலாம், மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிட அருமையான தரவு. இந்தக் கேள்விக்கு ஆகாது. டிஎச்எஸ் வகை ஆய்வுகளில் (பல நாடுகளில் ஒரே முறையில் நடக்கும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள், என்எஃப்எச்எஸ்ஸும் அதில் ஒன்று) யாரையும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகக் கொத்தின் இருப்பிடத்தை நகர்த்தி வைத்துத்தான் வெளியிடுவார்கள். நகரக் கொத்து 2 கிலோமீட்டர் வரை, கிராமக் கொத்து 5 கிலோமீட்டர் வரை. மதுரையில் அது பரவாயில்லை. குமரியில் தேங்காய்ப்பட்டணத்துக் கொத்தை 2 கிலோமீட்டர் நகர்த்தினால் தென்னந்தோப்பில் போய் விழும்.

நகரம், கிராமம் என்ற மாறியும் இங்கே கேலிக்கூத்து. பேரூராட்சிகள் நிறைய இருப்பதால் 2011 கணக்கில் மாவட்டத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் ‘நகரம்’. சுற்றிலும் ரப்பர் உள்ள குலசேகரமும் பேரூராட்சிதான்.

#16 கடப்புறத்தான்

கேள்வியை மாற்றியதில் எனக்குச் சந்தோஷம். ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்களில் சில குடும்பங்கள் கரையை விட்டுத் தள்ளிக் கட்டிய காலனிகளுக்குப் போனார்கள். தூங்குவது அங்கே, திருப்பலிக்கும் மீன் விற்கவும் வருவது இங்கே. அவர்கள் எந்த ஊர்?

அப்புறம், எந்த ஊர் மோசம் என்று பட்டியல் போட்டுப் பேப்பரில் விட்டுவிடாதே. பெண் எடுக்கிறவன்கூட அதைப் பார்ப்பான்.

#17 பழைய_வாத்தியார்

இரண்டு ஊருக்கும் பாதிப் பாதி சொந்தம் என்று வைக்கலாம், அதற்கு மாடல் உண்டு. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு கொத்துக்கு உறுப்பினர். ஆனால் முதலில் அவர்கள் யார் என்று தரவில் குறித்திருக்க வேண்டும். குறித்தாயா?

பட்டியல் விஷயத்தில் அவர் சொல்வது நியாயம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 25 பேரை அளந்த ஊரில் இரண்டு பேர் கூடினால் குறைந்தால் இடம் தாவும். மாடல் அதனால்தான் ஒவ்வோர் ஊரின் மதிப்பையும் பொதுச் சராசரிப் பக்கம் கொஞ்சம் இழுத்து வைக்கிறது. ஆள் குறைந்த ஊரைக் கூடுதலாக இழுக்கும். அப்படி இழுத்த பிறகும் பிழைக்கோடுகளை (ஒவ்வொரு மதிப்பும் எதுவரை தவறலாம் என்று காட்டும் கோடுகளை) வரைந்து பார், நடுவில் உள்ள ஊர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கோல்ட்ஸ்டீனும் ஸ்பீகல்ஹால்டரும் 1996-லேயே பள்ளி, மருத்துவமனைத் தரவரிசைகளைப் பற்றி இதையே எச்சரித்தார்கள். முதலிடம், கடைசி இடம் என்று அறிவிப்பவர்களுக்குப் பிழைக்கோடு பிடிக்காது.

#18 வேளிமலைக்காரி

காலனிக் குடும்பங்களைத் தோழி குறிப்பேட்டின் ஓரத்தில் ‘சு’ என்று எழுதி வைத்திருக்கிறாள்! தரவில் ஏற்றவில்லை, நோட்டில் இருக்கிறது. இன்று முழுக்க அதைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

கைடிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், “மெஷினை யார் வாங்கச் சொன்னது” என்று மட்டும் கேட்டார். ஒரு செமஸ்டர் நீட்டிப்பு. மாற்றி அளக்க நான்கு கடலோர ஊர், நான்கு மலையோர ஊர். ஆண்களை எப்போது பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

#19 கடப்புறத்தான்

தடைக்காலத்தில் வா. முட்டத்திலிருந்து நீரோடி வரை மேல்கரை (மேற்குக் கரை), ஜூன் ஒன்று முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. சின்னமுட்டம் பக்கம் கீழ்க்கரைக் (கிழக்குக் கரை) கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம், அதையும் உன் மாடலில் எழுதிக்கொள்.

#20 சப்சென்டர்_அக்கா

தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது, வட்டிக்காரன் வாசலில் நிற்பான். பிரஷர் அப்போது வேறு மாதிரி இருக்கும் மக்களே. அளக்கிற தேதியையும் ஒரு நெடுவரிசையாகப் போடு. கைப்பட்டையில் பெரிய அளவு ஒன்றும் எடுத்துக்கொண்டு போ, பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் தானாக ஏறும். எங்கள் பக்கம் வரும்போது மழை பிடித்திருக்கும், பால் வெட்டு இருக்காது, ஆள் வீட்டிலேயே கிடைப்பார்கள்.

#21 கடப்புறத்தான்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வந்தால் கோயில் முற்றத்திலேயே முக்கால்வாசிப் பேர் கிடைப்பார்கள். வராந்தா வேண்டாம், பங்கு அலுவலகத்தில் ஓர் அறை கேட்டு வைக்கிறேன். கருவாட்டைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் சாயாவும் உண்டு.